பங்குனி வெயிலுக்கு ஒரு நிழல் வீடு: வண்ணம் தீட்டும் தாளை நீங்களே வரைய

இருபத்தாறு வருஷம் தேவகோட்டை, காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் சுவரெழுத்து, கடை போர்டு எழுதியவன் நான். பிளெக்ஸ் வந்தது, பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். இப்போது எனக்கு இருக்கும் ஒரே வாடிக்கையாளர் எங்க வீட்டம்மாதான்.

போன வருஷம் மாசியில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். கோலம் போடக் கூடாது, குனியக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. சும்மா உட்காரத் தெரியாத ஆளை உட்கார வைத்தால் வீடு என்னத்துக்கு ஆகும்? பேத்தி ஒரு யோசனை சொன்னாள். "அப்பத்தா, கலர் பண்ணு, மனசு லேசாயிடும்" என்று போனில் தேடிப் பத்துத் தாள் அச்செடுத்து வந்தாள். வசந்த காலத்து வீட்டுக் காட்சிகளாம். பார்த்தால் கணப்பு அடுப்பு, அதற்கு முன்னால் கம்பளி போர்த்திய சாய்வு நாற்காலி, ஆவி பறக்கும் கோப்பை, ஜன்னலில் டூலிப் பூ. வெளியே பங்குனி வெயில் ஓட்டைப் பொரிக்கிறது. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதப் பாத்தாலே வேர்க்குதுங்க" என்றாள்.

அந்தப் படங்களைக் குறை சொல்லவில்லை. குளிர் ஊர்க்காரனுக்கு வீட்டின் சுகம் கதகதப்பில் இருக்கிறது. நமக்கு அது நிழலில் இருக்கிறது. வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, சிவப்புத் தரையில் வெறுங்காலை வைத்ததும் உள்ளங்காலில் ஏறுமே ஒரு சில்லிப்பு, அது தாளில் வரவேண்டும். அன்றைக்குப் பென்சிலை எடுத்தேன். இதுவரை பதினான்கு தாள் ஆகிவிட்டது. நீங்களும் வரைந்து பார்க்கலாம். ஓவியம் தெரிய வேண்டும் என்பதில்லை, ஸ்கேல் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முழு வீட்டையும் வரையாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் நின்று பாருங்கள். நான் எடுத்துக்கொண்டது, உள்ளறை வாசலில் நின்று வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் வைத்த தாழ்வாரத்தை, பார்க்கிற இடம். கைக்கெட்டும் தூரத்தில் நிலைக்கதவு, அதைத் தாண்டித் தூண்களும் ஊஞ்சலும், அதற்கப்பால் வெயில் கொட்டுகிற முற்றம். உங்களுக்கு வளவு வீடு இல்லாவிட்டால் அடுப்படியிலிருந்து கொல்லைப்பக்கம், ஹாலிலிருந்து பால்கனி, எதுவானாலும் சரி. உள்ளே இருட்டு, நடுவில் அரை வெளிச்சம், வெளியே முழு வெயில் என்று மூன்று படி இருக்கவேண்டும்.

பெரிய தாளில் கை வைக்கும் முன்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, இந்த மூன்றையும் வெறும் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். முற்றத்தை வெள்ளையாக விடுங்கள். தாழ்வாரத்துக்கு லேசான சாம்பல், உள்ளறைக்கு அழுத்தமான சாம்பல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் உள்ளேயிருந்து வெளியே பார்க்கிற மாதிரி தோன்றவேண்டும். தோன்றாவிட்டால் உள்ளறையை இன்னும் இருட்டாக்குங்கள். போர்டு எழுதின காலத்திலும் நான் இதைத்தான் செய்வேன். தீப்பெட்டி அளவில் எடுபடாத போர்டு, பத்தடியிலும் எடுபடாது.

அடுத்து சாமான்கள். நாலைந்துக்கு மேல் வேண்டாம், ஆனால் அவை பங்குனி, சித்திரையைச் சொல்ல வேண்டும். என் முதல் தாளில் இருந்தவை: ஒரு மாவடு ஜாடி, மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமான பழைய பீங்கான் ஜாடி. முறத்தில் காயவைத்த வேப்பம்பூ. மணல் பரப்பி அதன்மேல் வைத்த மண்பானை, பக்கத்தில் சொம்பு. ஊஞ்சல் பலகையில் மடித்த துண்டும் பனையோலை விசிறியும். ஆளை வரையவில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போனார்கள் என்று தெரிந்தால் போதும், பார்க்கிறவர்கள் அந்த ஊஞ்சலில் தாங்களே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

தரைதான் இந்தத் தாளின் உயிர், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடி கல் பதித்திருக்கும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதற்குள் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்கிற கல். கண்ணாடியில் படிந்த முகம்தான் தரையின் மேல்முகம், அதனால்தான் அந்த வழவழப்பு. வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டங்கள் பெரிய ஆறுதல். ஒரு பூ முடிந்ததும் அதே பூ அடுத்த கட்டத்தில் காத்திருக்கும், அடுத்து என்ன என்று மூளையைக் கசக்க வேண்டாம். இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. 2005-ல் அமெரிக்காவில் கரி, காசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வட்டக்கோல மண்டலம், இன்னொன்றுக்குக் கட்டம் போட்ட துணி மாதிரி வடிவம், மூன்றாவதற்கு வெறும் தாள். மண்டலத்துக்கும் கட்டத்துக்கும் நிறம் தீட்டியவர்களின் பதற்றம் வெறும் தாள்காரர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. வரையும்போது முன்வரிசை மூன்று கல்லுக்கு மட்டும் முழுப் பூ போதும். பின்னால் போகப் போக வெறும் கட்டம், இன்னும் தூரத்தில் வெறும் கோடு.

கோட்டு விஷயம் இரண்டே வரிதான். பொருளின் வெளிக்கோட்டுக்கு 0.8 மில்லிமீட்டர் முனைப் பேனா, உள்கோடுகளுக்கு 0.3. எந்த இடைவெளியும் அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழே போகவேண்டாம், பென்சில் முனை உள்ளே திரும்பாது. முதல் தாளில் நான் ஊஞ்சல் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றையும் வரைந்து வைத்தேன், கைத்திறமையைக் காட்டுகிறேன் என்று. வீட்டம்மா கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் "இது உங்களுக்கு வரைஞ்சதா, எனக்கு வரைஞ்சதா?" என்றாள். இப்போது சங்கிலி என்றால் இரண்டு கோடுதான்.

ஒரிஜினலில் நிறம் தீட்டாதீர்கள், பிரதி எடுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 75, 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு). அதன் முகம் வழுக்கு, இரண்டு மூன்று பூச்சுக்கு மேல் நிறம் ஒட்டாது. படம் வரைகிற கார்ட்ரிட்ஜ் தாள் 120-லிருந்து 150 ஜி.எஸ்.எம்.முக்குள் வாங்கி ஏ4 அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் கொடுக்கும்போது தடித்த தாள் என்று சொல்லி, மெஷினில் அதற்கான செட்டிங்கை மாற்றச் சொல்லவேண்டும். நான் சொல்லாமல் இருபது பிரதி எடுத்து வந்தேன், சூடு போதாமல் டோனர், அதாவது மெஷினின் மைத்தூள், சரியாகப் பிடிக்கவில்லை. கை பட்ட இடமெல்லாம் கரி. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் வேறு தொல்லை: ஸ்கெட்ச் பேனாவோ வாட்டர் கலரோ பட்டதும் சில மைகள் கரைந்து ஓடும். கலர் பென்சில் மட்டும்தான் என்றால் பயமில்லை. இன்னொரு வேலை, பிரதியை லைட்டாக எடுக்கச் சொல்லுங்கள். கோடு கறுப்பாக நிற்காமல் சாம்பலாக இருந்தால், நிறம் ஏறினபின் அது உள்ளே அடங்கிவிடும்.

பென்சில் 24 நிறப் பெட்டி தாராளம். முதலில் அதே தாளின் ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தையும் மெல்லவும் அழுத்தியும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் மேல் பூசியிருக்கும் நிறமும் தாளில் விழும் நிறமும் ஒன்றல்ல. கீழே விழுந்த பென்சிலை நம்பாதீர்கள், உள்ளே துண்டு துண்டாக உடைந்திருக்கும், சீவச் சீவக் கழன்று வரும். வலதுகைக்காரர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும்.

இனி நிறம். வழக்கமாக எல்லோரும் பூவிலும் இலையிலும் ஆரம்பிப்பார்கள். நான் சொல்வது, உள்ளறை இருட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த இருட்டுக்குக் கறுப்புப் பென்சிலைத் தொடவே கூடாது. கறுப்பு அடித்தால் அது நிழலாகத் தெரியாது, தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். முதலில் கருநீலம், சின்னச் சின்ன வட்டமாக, எழுதுவதைவிட மெல்ல. அதன்மேல் அரக்கு. அதன்மேல் மறுபடியும் கருநீலம். நாலு பூச்சில் ஆழம் வரும். ஒரே அழுத்தில் கொண்டுவரப் பார்த்தால் மெழுகு படிந்து பளபளத்து, அடுத்த நிறம் ஏறாது.

சிவப்புத் தரை அல்லது கல்லின் சிவப்புக்கு முதலில் ஆரஞ்சு, பிறகு செங்கல் நிறம், நிழல் விழுகிற இடத்தில் ஊதா. வாசல் வெளிச்சம் தரையில் பிரதிபலிக்கும் இல்லையா, அந்த இடத்தை நெட்டுவாக்கில் ஒரு பட்டையாக லேசாக விடுங்கள். தரை உடனே குளிர்ந்துவிடும். கடைசியாக வெள்ளைப் பென்சிலை அந்தப் பட்டையில் மட்டும் அழுத்தித் தேய்த்தால் தாளின் சொரசொரப்பு மறைந்து வழவழப்பாகும்.

சுவர் வெள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் இருக்கிற சுண்ணாம்புச் சுவர் வெள்ளை இல்லை. மேல்பகுதிக்கு ஆகாய நீலத்தை ஊதினாற்போல. கீழே, தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு ரோஸ். சிவப்புத் தரையில் பட்ட வெளிச்சம் சுவரில் ஏறும், சந்தேகம் இருந்தால் மத்தியானம் பதினோரு மணிக்கு உங்கள் வீட்டுச் சுவரையே பாருங்கள். இந்த ஒரு ரோஸ் தெரியாமல் நான் எத்தனை வருஷம் சுவரிலேயே வேலை பார்த்திருக்கிறேன்!

முற்றத்துக்கு எதுவும் செய்யாதீர்கள். நிஜமாகவே எதுவும் வேண்டாம். தாளின் வெள்ளைதான் வெயில். ஓரத்தில் மட்டும் எலுமிச்சை மஞ்சள் ஒரு தடவல். அதற்கு மேல் மஞ்சள் போட்டால் சாயங்காலம் ஆகிவிடும்.

முற்றத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிற மரம்தான் மாசத்தைச் சொல்லப்போகிறது. பங்குனியில் இலை பச்சையாகவே இருக்கும் என்று கை தானாகப் போகும், தடுத்து நிறுத்துங்கள். வேம்பின் கொழுந்து செம்பு நிறம். மாந்தளிர் இன்னும் கருஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம் கொஞ்சம் கலந்தது; மாந்தளிர் மேனி என்று சும்மாவா சொன்னார்கள். புங்கைதான் அசல் கிளிப்பச்சை, எண்ணெய் தடவின மாதிரி. கொன்றை பூத்திருந்தால் மாம்பழ மஞ்சள், அடியில் துளி பச்சை. வேப்பம்பூவுக்கு வெள்ளை விட்டுச் சுற்றிலும் இலையைத் தீட்டினால் பூ தானே வெளியே வரும். குயில் வைக்க ஆசையென்றால், கூவுகிறது ஆண், அது கறுப்பு, கண் சிவப்பு. புள்ளி போட்ட பழுப்புக் குயில் பெண். கறுப்புக்கும் மேலே ஒரு நீலப் பூச்சு கொடுங்கள், இறகு மினுங்கும்.

ஜாடிக்குள் மாவடு தெரியாது, ஆனால் வாயில் இரண்டு காம்போடு எட்டிப் பார்க்கலாம். உப்பில் ஊறிச் சுருங்கினது பச்சையாக இருக்காது, பச்சைமேல் பழுப்பு.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்தேன். வீட்டம்மா பாதிதான் கேட்டாள். இருட்டும் தரையும் நான் சொன்னபடி வந்தது. ஊஞ்சல் பலகையை மட்டும் மயில்கழுத்து நிறத்தில் தீட்டி வைத்திருந்தாள். தேக்குப் பலகை அம்மா அது, என்றேன். "எங்க ஆத்தா வீட்டு ஊஞ்சலு இந்தக் கலருதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்கய்யா பெயிண்ட் அடிப்பாரு" என்றாள். நாற்பது வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை. அதன்பிறகு தீட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவதை விட்டுவிட்டேன். நீங்களும் அடுத்தவருக்கு வரைந்து கொடுப்பதானால், கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

ஒரு உட்காரலுக்கு அரைமணி போதும். கழுத்து வலிக்கத் தொடங்கினால் மூடி வையுங்கள், தாள் ஓடிவிடாது. எங்களுக்கு ஒரு தாள் ஒரு வாரம் வரும்.

முடிந்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். சில வாரத்தில் அழுத்தித் தீட்டின இடங்களில் வெள்ளையாகப் பூத்த மாதிரி ஒரு மங்கல் வரும். பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், பென்சிலின் மெழுகு மேலே வந்திருக்கிறது. பழைய மல் வேட்டித் துணியால் மெல்ல ஒற்றித் துடைத்தால் போய்விடும். கால் இப்போது நன்றாகிவிட்டது, வாசலில் கோலம் அவள்தான் போடுகிறாள். இருந்தாலும் பதினைந்தாவது தாளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்: அடுப்படி, அம்மி, ஜன்னலோரம் மல்லிகைப் பந்து. அம்மியை அளக்கப் போனேன், அதன்மேல் பூனை படுத்திருக்கிறது. அதையும் சேர்த்தே வரைந்துவிடலாம் என்று இருக்கிறேன்.