நூலக அறிவிப்பு கண்ணில் பட வேண்டுமா? முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

புத்தகம் சேர்ப்பதில் செட்டிநாட்டுக்குக் குறை கிடையாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவைதான் பிறகு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே ஆயின. ஆனால் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று உள்ளே வருகிறவருக்குப் புரியும்படி சொல்கிறோமா? காரைக்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் கூடமாட உதவி செய்தபோது நான் கற்றுக்கொண்ட முறை இது. ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

1. உட்கார்ந்து பாருங்கள்

நூலகரிடம் சொல்லிவிட்டு வாசல் தெரியும் இடத்தில் உட்காருங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். காலையில் வருவது பேப்பர் படிக்கும் பெரியவர்கள், மாலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். இரண்டும் வேறு வேறு கூட்டம். எங்கே நின்றார், எதைத் தேடினார், யாரிடம் கேட்டார் என்று மட்டும் எழுதுங்கள். பெயரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

நான் பார்த்தது இதுதான். வருகிறவர் குனிந்து செருப்பைக் கழற்றுகிறார், அப்படியே நேராக உள்ளே போய்விடுகிறார். வாசல் நிலைக்கு மேலே மாட்டிய அறிவிப்பை அண்ணாந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் எல்லோரும் நின்ற இடம் ஒன்று உண்டு: கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு. முன்னால் இருப்பவர் எழுதி முடிக்கும் வரை அடுத்தவரும் அங்கேயே காத்திருக்கிறார். அறிவிப்புக்கு அதைவிட நல்ல இடம் அந்த நூலகத்தில் இல்லை.

2. அவர்கள் கேட்ட சொல்லை அப்படியே எழுதுங்கள்

"அண்ணே, குரூப் ஃபோர் புக் எங்க இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் நின்றதோ "குறிப்புதவிப் பிரிவு" (ரெஃபரன்ஸ் புத்தகப் பகுதி) என்ற பலகைக்கு நேர் கீழே! தப்பு அவள் மீது இல்லை. அந்தப் பலகையை மாற்றாமல், அதன் கீழே "போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இங்கே" என்று சேர்த்தோம்.

3. கேளுங்கள்

"நூலகம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "போன தடவை எதைத் தேடினீங்க? கிடைச்சுதா?" என்று கேளுங்கள். பேரனோடு வந்த ஓர் ஆச்சி, "எழுத்து பொடிசா இருக்குப்பா, இவன்தான் படிச்சுச் சொல்றான்" என்றார். அன்றே எழுத்தைப் பெரிதாக்கினோம்.

4. பென்சிலில் எழுதி ஒட்டிப் பாருங்கள்

உடனே ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள். "இரவல் பெற்ற நூல்களை உரிய தவணைக்குள் திருப்புக" என்பதை "எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும்? புத்தகத்தில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள்" என்று சாதாரணத் தாளில் எழுதுங்கள். நான்கைந்து பேரிடம் காட்டி, தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாய் திறந்து உதவாதீர்கள், அதுதான் கஷ்டம். அவர்கள் எந்தச் சொல்லில் தடுமாறுகிறார்களோ அதை மாற்றுங்கள்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. வாசகரின் நேரம் எங்கே வீணாகிறது என்பது இப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

5. மறுபடியும் உட்காருங்கள்

ஒரு வாரம் கழித்து, அதே இடம், அதே நேரம். "எங்கே இருக்கு?" என்ற கேள்வி எத்தனை முறை வந்தது என்று எண்ணி, பழைய நோட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம், பழைய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். எங்கள் சுவரில் ஏழு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. உரித்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது.