‘உங்களுக்கு மட்டும்’ என்று விட்டுக்கொடுக்காதீர்கள்

காரைக்குடி ஜவுளிக்கடை, கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாகிவிட்ட பழைய வீடு, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் சமையற்கட்டு. எங்கே ஒருவர் புதிதாகச் சூப்பர்வைசர் ஆனாலும் முதல் மாதத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: “இந்த ரூல் எதுக்கு?” அதற்குப் பிறகு நடக்கும் கூத்தும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கத்தக் கூடாது, வாடிக்கையாளர் முன்னால் திட்டக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

விதியை விட்டு ஆளைப் பார்ப்பது

“வாய் நீளம்” என்று முத்திரை குத்துமுன் விதியை ஒருமுறை படியுங்கள். சில நேரம் எதிர்க்கிறவர்தான் சட்டத்தின் பக்கம் நிற்பார். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது என்ற விதியை ஜவுளிக்கடையில் ஒரு பெண் எதிர்த்தால், பேச்சு அங்கேயே முடிந்தது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவு, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தரச் சொல்கிறது. ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

சில நேரம் பாதி சரியாக இருப்பார்கள். டைல்ஸ் பட்டறையில் துணிக் கையுறையைக் கொடுத்துவிட்டு, போடாதவரைக் கண்டிப்பார்கள். சிமெண்ட் தண்ணீரில் நனைந்த துணி தோலோடு ஒட்டிக்கொண்டு, காரத்தை மணிக்கணக்கில் கையிலேயே வைத்திருக்கும். வெறுங்கையாவது அவ்வப்போது கழுவப்படும். கையுறையே வேண்டாம் என்கிறவர் சொல்வது தவறு. இந்தக் கையுறை வேண்டாம் என்பது சரி. விதியில் “நீர் புகாத, அவரவர் கை அளவுக்கான கையுறை” என்று திருத்தினால் தகராறு பெரும்பாலும் அடங்கிவிடும்.

‘அண்ணே, நீங்க வச்சுக்கங்க’

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தருவது இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதற்குத்தான், ஏனென்றால் செய்கிறவர் இதற்கு ‘அனுசரித்துப் போவது’ என்று பெயர் வைத்திருப்பார்.

வண்ணம் ஊற்றும் மேசையில் போன் கூடாது என்று ஒரு பட்டறையில் விதி இருக்கிறது என்று வையுங்கள். காரணம் இல்லாமல் இல்லை. கண்ணாடியின் மேல் சட்டகம் வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை வைத்துச் சமன் செய்கிற வரை கை நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் வண்ணம் இறுகத் தொடங்கும், மேலே போடும் அடுக்கு சரியாகப் பிடிக்காது.

இருப்பதிலேயே நல்ல கை உள்ளவர் சொல்கிறார்: “எம் மக பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்தா நான் எடுக்க வேணாமாப்பா?” நியாயமான கேள்வி. புதுச் சூப்பர்வைசருக்கோ அவர் நாளைக்கு வராமல் போனால் ஆர்டர் நின்றுவிடுமே என்ற பயம். குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “அண்ணே, நீங்க மட்டும் வச்சுக்கங்க. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்.”

தெரியாமல் இருக்குமா? இரண்டாம் நாள் தெரியும். இரண்டாம் வாரம் இன்னும் மூன்று பேர் மடியில் போன் இருக்கும். மாதக் கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையன் மாட்டுவான், அவனுக்கு மெமோ போகும். “அண்ணன்கிட்ட இருக்கே” என்பான். அதற்குப் பதில் கிடையாது. விசாரணை வைத்தாலும் முதல் கேள்வி, மற்றவரை ஏன் விட்டீர்கள் என்பதுதான். சலுகை வாங்கியவர் நிலையும் நன்றாக இருக்காது. ஒவ்வொரு டீ நேரத்திலும் குத்திக்காட்டுவார்கள்.

எதிர்ப்பு வந்தால் வழி மூன்றுதான்: விதியை எல்லோருக்கும் மாற்றலாம், காரணம் சொல்லி மறுக்கலாம், நாள் குறித்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்த அண்ணனுக்கு வேண்டியது போன் இல்லை, பள்ளியிலிருந்து வரும் தகவல். ஆபீஸ் நம்பர் ஒன்றை எல்லோரும் வீட்டிலும் பள்ளியிலும் கொடுக்கட்டும். அழைப்பு வந்தால் கணக்குப்பிள்ளை மேசைக்கு வந்து சொல்ல, கையில் உள்ள கல்லை (டைல்ஸை) முடித்துவிட்டு அவர் போகலாம். இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரமும் தினம் எத்தனை கல் கெட்டது என்று எண்ணி வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்; பாதிப் பேர் இதை மறந்துவிட்டு, கடைசியில் குரல் பெரியவர் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள். பதினைந்தாம் நாள் காலையில் முடிவை எல்லோர் முன்னாலும் சொல்லி, யார் கேட்டதால் மாறியது என்பதையும் சொல்லுங்கள்.

விலக்கே கூடாது என்பதில்லை. கர்ப்பிணி, அறுவை முடிந்து வந்தவர், வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் உள்ளவர் என்று நிலைமையைச் சொல்லி விதிக்குள்ளேயே எழுதுங்கள். பெயரைச் சொல்லிக் காதில் கொடுப்பதுதான் விலக்கைச் சலுகையாக்குகிறது.

வாய்ச்சொல் விதி

எழுதி ஒட்டாததை மீறினார் என்று யாரையும் பிடிக்க முடியாது. பர்மாவில் நடத்திய வட்டிக்கடைக்கு மேலாளையும் (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளையும் (அவருக்கு அடுத்தவர்) சம்பளச்சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதி அனுப்பிய ஊர் இது. எழுதிவைப்பது நமக்குப் புதிதா என்ன?

மூத்த ஆளை விட்டுச் சொல்லவைப்பது

தூது போனவர் இரண்டு பக்கமும் கெட்டவராவார்.

சம்பளத்தில் பிடிப்பது

“ஒரு நாள் கூலி கட்” என்று கோபத்தில் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. அபராதத்துக்கு உரிய செயல்களின் பட்டியலுக்கு அரசு ஒப்புதல் வாங்கி, அதை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, ஆளிடம் விளக்கமும் கேட்டிருக்க வேண்டும். அப்படியும் மொத்த அபராதம் அந்தச் சம்பளக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டத்தில் இருந்த வரம்பு இது, 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதேதான். மாதம் 12,000 வாங்குகிறவரிடம் உச்சமே 360 ரூபாய்.

‘நாளையிலேருந்து வராதே’

விதியைக் கேள்வி கேட்பது வேறு, நியாயமான உத்தரவைச் செய்ய மறுப்பது வேறு. முதலாவதற்குத் தண்டனையே கிடையாது. இரண்டாவதற்கும் வாய்வார்த்தை போதாது. கடைகளில் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நீக்க, அதே கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதானால் விசாரணை வைத்து, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

மெமோவில் “திமிராக நடந்துகொண்டார்” என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. தேதி, நேரம், என்ன சொல்லப்பட்டது, என்ன செய்யப்படவில்லை, பக்கத்தில் யார் நின்றார் என்று எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, அவர் பேச்சிலேயே எழுதி, அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மெமோவை அவர் வாங்க மறுத்தால் மறுத்தார் என்று அதன் கீழேயே குறித்து, பார்த்த இரண்டு பேரின் கையெழுத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலில் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.