துருப்பிடித்த கான்டெசாவை வாங்கலாமா, விட்டுவிடலாமா?

அமெரிக்காவில் மஸ்டாங், கமாரோ என்று அலைகிறவர்கள் மாதிரி, நம்ம ஊரில் மசில் கார் (முரட்டு உடம்பும் பெரிய எஞ்சினும் உள்ள கார்) பைத்தியம் பிடித்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஹிந்துஸ்தான் கான்டெசாவிடம்தான். நீளமான பானட், சதுரமான முகம், பின்சக்கர இழுவை. உள்ளே இருக்கும் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினுக்கு 90 குதிரைத்திறன்கூட முழுசாகக் கிடையாது, இன்றைய ஸ்விஃப்டும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், ஆனால் அதைச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. 1984-ல் வந்த வண்டி, 2002-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் மில்காரர்கள் நிறையப் பேர் இதை வைத்திருந்ததால், இன்றைக்கும் ஏதாவது ஒரு மில் ஷெட்டிலோ தோட்டத்துச் சாளையிலோ தார்ப்பாய் போர்த்திய ஒன்று கண்ணில் படும். "சும்மாதானுங்க நிக்குது, பார்த்துக் குடுத்துட்டு எடுத்துக்கங்க" என்பார்கள். அந்த வார்த்தையில் மயங்கி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது என்ன என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் பேப்பர். வண்டியைப் பார்க்கவே வேண்டாம், ஆர்.சி. புத்தகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் பாதி வண்டிகள் கழிந்துபோகும். பெயர் அப்பாவுடையது, அவர் தவறிவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், படிவம் 31-ல் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அப்புறம்தான் உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 29, 30. அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்து ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் கதை அங்கேயே முடிந்தது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நகருங்கள். மில் பெயரில் இருக்கும் வண்டி இன்னும் சிக்கல். மில்லே மூடிப் பல வருஷம் ஆகியிருக்கும், கம்பெனி லெட்டர்பேடில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஆளைத் தேட வேண்டும். பழைய பேங்க் கடன் ஆர்.சி.யில் அப்படியே பதிவாகியிருந்தால் அதை நீக்கப் படிவம் 35-உம் பேங்கின் கடிதமும் வேண்டும், அந்த பேங்கே இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியிருக்கலாம்.

அடுத்தது பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம், அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசிக் கான்டெசாவே 20 வருஷத்தைத் தாண்டிவிட்டதால், 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று மத்திய விதியில் தனியாக ஒன்று இருக்கிறது, பத்து வருஷம் சும்மா நின்ற வண்டிக்கு அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 60,000 வரும். பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல். அதனால் பேரம் பேசும் முன்னால் அந்த வண்டியின் நம்பரை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும், கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் என்றால் கட்டாயம் கேளுங்கள். பாலக்காட்டிலிருந்து கேரள நம்பரோடு மலிவாக வரும் வண்டிக்கு அந்த ஊர் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபடி வரி என்று தனிச் செலவு உண்டு.

"வின்டேஜ் நம்பர் வாங்கிக்கலாமுங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். 2021-ல் வந்த வின்டேஜ் விதி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான். 1984 மாடலுக்கே அது 2034-ல்தான் பொருந்தும்.

சரி, பேப்பர் தேறிவிட்டது, இப்போது வண்டியைப் பார்க்கப் போகலாம். உச்சிவெயிலில் போங்கள். சாயங்காலம் போனால் நெளிசல் தெரியாது, மழை பெய்த மறுநாள் போனால் பெயின்ட் எல்லாம் பளபளவென்று இருக்கும். கையில் டார்ச், துணி சுற்றிய காந்தம், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி, இரண்டு மரக்கட்டை போதும்.

வண்டி இத்தனை நாள் எங்கே நின்றது என்று பார்ப்பது மைலேஜ் மீட்டரைப் பார்ப்பதைவிட முக்கியம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் காய்ந்த காட்டில் நின்ற வண்டிக்குப் பெயின்ட் வெளுத்திருக்கும், டேஷ்போர்டு வெடித்திருக்கும், ரப்பர் எல்லாம் பொடியாகியிருக்கும், ஆனால் தகரம் பெரும்பாலும் தேறும். வால்பாறை, ஊட்டியில் இருந்து இறங்கிய வண்டியும், கோபி பக்கம் வாய்க்கால் ஓரம் நெல்வயலுக்கு நடுவே நின்றதும் அப்படியில்லை. கட்டுத்தரையை ஒட்டி நிறுத்தியிருந்தால் இன்னும் மோசம், சாணி மூத்திர ஈரம் கீழிருந்து ஏறி அடித்தகட்டைத் தின்றிருக்கும். தென்னங்கீற்றுச் சாளையும் பார்க்கத்தான் நிழல், ஒழுகுகிற இடத்துக்கு நேர்கீழே டிக்கியில் ஓட்டை இருக்கும். சென்னையில் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டியா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் துருவும் ஒரே துரு இல்லை. மேலாக்கில் செம்மண் பூசினது மாதிரி இருப்பதைத் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்து, பிரைமர் போட்டால் சரியாகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டியிருந்தால்தான் கவனம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும், அதனால் வெளியே ரூபாய்க் காசு அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். தகர வேலை செய்யும் டிங்கர் வெட்டிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும், அப்போது காசு உங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

கான்டெசாவில் ஜீப் மாதிரி தனிச் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. ஜீப்பில் பாடியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பாடி மாட்டலாம். இதில் தகரத்தை மடித்து ஒட்டிய அந்தப் பாடியேதான் வண்டியைத் தாங்குகிறது. அதனால் கதவும் மட்கார்டும் துருவாக இருந்தால் அது பணப் பிரச்சினை, வண்டியைத் தாங்குகிற இடம் துருவாக இருந்தால் அது உயிர்ப் பிரச்சினை. கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, ஜாக்கி வைக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கம்பிகள் மாட்டும் இடம், முன் கண்ணாடித் தூணின் அடி, இவைதான் பார்க்க வேண்டியவை. உள்ளே கால் வைக்கும் மேட்டை (மிதியடியை) தூக்கித் தரையைப் பாருங்கள். பேட்டரி உட்காரும் தட்டுக்கு அடியில் ஆசிட் ஒழுகியிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறதா?

காந்தத்தைத் துணியோடு தேய்த்துக்கொண்டே போங்கள், பிடி விடுகிற இடத்தில் பட்டி (ஓட்டையையும் நெளிசலையும் மூட அப்பும் பசை) போட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீர் என்னும், பட்டி மொத்தென்று கேட்கும். அடியில் புதுசாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து வைத்திருந்தால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும், விற்கப்போகிற வண்டிக்கு யார் காசு செலவழித்து அடியில் பெயின்ட் அடிப்பார்கள்? அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். ஜாக்கி தகரத்துக்குள் நொறுக்கிக்கொண்டு ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஏறவில்லை என்றால், தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், இடைவெளி மாறினாலோ கதவு மாட்டிக்கொண்டாலோ வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். கட்டை வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள்.

சேஸிஸ் நம்பரையும் இந்த வேளையிலேயே தேடுங்கள். தகட்டில் ஆணியடித்திருப்பது போதாது, பாடியில் அடித்திருக்கும் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். துரு அந்த நம்பரைத் தின்றிருந்தால், எத்தனை லட்சம் போட்டு ரெடி பண்ணினாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்க முடியாது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்து பானட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருப்பதும் நிறைய நடக்கும், அந்தக் காலத்தில் மைலேஜுக்காக மாற்றினார்கள். அனுமதி வாங்கிப் பதிவு செய்யவில்லை என்றால் அந்தத் தலைவலி இனி உங்களுடையது.

எஞ்சினைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள், நான் கடைசியில் வைப்பேன். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை எதுவானாலும் கோயமுத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் லேத்துக்காரர்கள் இருக்கிற ஊர் இது, இல்லாத சாமானைச் செய்தே கொடுத்துவிடுவார்கள். அதோடு இதே இசுசு எஞ்சின்தான் அம்பாசிடர் 1800-இலும் வந்தது, அதனால் உதிரி தேடலாம். ஆரம்பகால வண்டியில் இருந்தது அம்பாசிடரின் பழைய 1.5 எஞ்சின், அதற்கும் சாமான் கிடைக்கும், ஆனால் அந்த உடம்பை இழுக்க அது திணறும். நின்றுபோன எஞ்சினை "ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்" என்று பேட்டரி வைத்துச் சுற்ற விடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கொஞ்சம் டீசல் விட்டு ஊறவைத்து, புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் நல்லது. சுற்றவில்லை என்றால் விலையைக் குறையுங்கள், அவ்வளவுதான். பெட்ரோல் டேங்க், பிரேக் ரப்பர்கள், டயர், எலி கடித்த வயரிங் எல்லாம் புதுசாகத்தான் போட வேண்டும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஹோஸையும் கார்ப்பரேட்டர் ரப்பரையும் கெடுத்துவிடும்.

கிடைக்காதது வேறு சாமான். முன் கிரில், ஹெட்லைட் வளையம், டெயில் லேம்ப், முன் கண்ணாடி, பம்பர், டேஷ்போர்டு, கதவுப் பட்டைகள். இவையெல்லாம் வண்டியிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டோ எடுங்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு மாட்டும், அதை நம்பி வாங்க முடியாது. ஓடும் எஞ்சினோடு முகப்பு இல்லாத வண்டியா, ஓடாத எஞ்சினோடு எல்லாச் சாமானும் இருக்கிற வண்டியா என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன்.

செலவில் பெரும்பங்கு டிங்கரிங்கும் பெயின்ட்டும்தான். வாங்குவதற்கு முன்னாலேயே உங்கள் டிங்கரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஒரு நாள் கூலியும் பெட்ரோலும் கொடுத்தால் போகிறது. கரூர், நாமக்கல் பக்கம் பஸ், லாரி பாடி கட்டும் ஆட்கள் தகரம் மடிப்பதில் கெட்டிக்காரர்கள், ஆனால் காருக்குப் போடுவது மெல்லிசுத் தகரம், கேஸ் வெல்டிங்கில் நெளிந்துவிடும், சி.ஓ.டூ வெல்டிங் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். "மொத்தமா இவ்வளவு" என்று கான்ட்ராக்ட் பேசினால் துரு மேல் பட்டியை அப்பி மூடிவிட வாய்ப்பு அதிகம், நாள் கூலி பேசினால் வேலை இழுத்துக்கொண்டே போகும். நடுவாக, வெட்டிய இடத்தைப் பெயின்ட் அடிக்கும் முன் காட்ட வேண்டும் என்று பேசி, பகுதி பகுதியாகக் காசு கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வண்டி ஒரு வருஷத்துக்கு மேல் பிரித்தபடி நிற்கும், கூரையுள்ள இடம் வீட்டில் இல்லை என்றால் அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்துதான்.

எல்லாம் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று தோன்றினால், விலையை அந்த இடத்திலேயே முடிக்காதீர்கள். டிங்கர் சொன்னது, ஆர்.டி.ஓ.வில் கட்ட வேண்டியது, எஞ்சின், டயர் எல்லாம் கூட்டி, அதற்கு மேல் பாதியைச் சேர்த்து, அந்தத் தொகைக்கு ஓடுகிற நல்ல கான்டெசா கிடைக்குமா என்று ஒரு வாரம் விசாரியுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். அப்படியும் இந்த வண்டிதான் வேண்டும் என்றால் சின்னதாக அட்வான்ஸ் கொடுங்கள், ஒரிஜினல் ஆர்.சி.யும் கையெழுத்துப் போட்ட படிவங்களும் கைக்கு வந்த பிறகு மீதியைக் கொடுத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துக்கொண்டு வர வேண்டாம், கழன்று கிடக்கும் கிரில், பட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி டிக்கியில் போட்டார்களா என்று கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.