காயா, வெம்பலா? கைதேராத குவாட்டர்பேக்கை எடுக்கலாமா என்று வாதாடும் முறை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் 2023 ஏப்ரல் 27, வியாழக்கிழமை தேதியிட்ட தினக்காலண்டர் தாள் ஒன்று காந்தத்தில் தொங்குகிறது. முன்பக்கம் ராகு காலம் 1.30 முதல் 3 வரை. பின்பக்கம், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி என் கையெழுத்து: ‘ரிச்சர்ட்சனை எடுக்கணும். 3 வருஷத்துல இன்னொரு ஆலன்.’ அதன் கீழே என் மனைவியின் தம்பி (எனக்கு ‘மாப்ள’) எழுதியது: ‘வேண்டவே வேண்டாம். தோத்தவங்க பிரியாணி போடணும்.’

பிரியாணி நான்தான் போட்டேன். இரண்டு கிலோ ஆட்டுக்கறி. அந்தச் செலவில் கற்றதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இண்டியானாபொலிஸுக்கு வடக்கே ஃபிஷர்ஸில் குடியிருக்கிறோம். எங்கள் அணி கோல்ட்ஸ். அமெரிக்க ஃபுட்பாலில் குவாட்டர்பேக்தான் பந்தைக் கையில் வாங்கி யாருக்கு எறிவது என்று மூன்று நொடிக்குள் முடிவு செய்கிறவர். (குவாட்டர் என்றதும் ஊரில் வேறு ஞாபகம் வரும். அது வேறு குவாட்டர்.) ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2022-இல் 4 ஆட்டம் ஜெயித்து, 12 தோற்று, ஒன்றை டிராவில் முடித்த எங்களுக்கு 4-ஆம் இடம் கிடைத்தது. ஆண்ட்ரூ லக் 2019 ஆகஸ்டில் திடீரென்று ஓய்வு பெற்றதிலிருந்து வருடத்துக்கு ஒரு குவாட்டர்பேக்: பிரிசெட், ரிவர்ஸ், வென்ட்ஸ், ரயன். வாடகை வீட்டில் அலுத்தவன் சொந்த வீடு தேடும் மனநிலையில் இருந்தோம். அந்த மனநிலையில் வாதாட உட்காரக் கூடாது என்பதே முதல் பாடம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ‘கைதேராதவன்’ என்றால் என்ன அர்த்தம் என்று இரு தரப்பும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். என் தாத்தாவுக்குப் பெரியகுளத்தில் கொஞ்சம் மாமரம் இருந்தது. காயை வைக்கோலில் போட்டால் பழுக்கும். வெம்பலை எத்தனை நாள் போட்டு வைத்தாலும் சுருங்கத்தான் செய்யும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். குறைவாக ஆடியதால் தேராதவன் காய். நிறைய ஆடியும் தேராதவன் பெரும்பாலும் வெம்பல். அதனால் முதலில் கேட்க வேண்டிய எண், கல்லூரியில் எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினான், அதாவது முதல் பந்திலிருந்தே களமிறங்கினான், என்பது. ஆந்தனி ரிச்சர்ட்சன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காகத் தொடங்கியவை 13. மொத்தம் எறிந்த பந்து 393. அவ்வளவுதான். இதை வைத்து நான் ‘காய்’ என்றேன். ‘மாமா, 13 ஆட்டத்தை வச்சுக் காய்னும் சொல்ல முடியாது, வெம்பல்னும் சொல்ல முடியாது, தெரியலைன்னுதான் சொல்லணும்’ என்றான் மாப்ள. அன்று அது எனக்கு நழுவல் பதிலாகப் பட்டது. இன்று யோசித்தால், அறையில் சொல்லப்பட்ட நேர்மையான வாக்கியம் அதுதான்.

அடுத்து, உடம்பின் அளவுகளைப் பேச ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அவை மயக்கும். டிராஃப்டுக்கு முன்பான உடற்திறன் சோதனை எங்கள் ஊர் ஸ்டேடியத்திலேயே நடக்கிறது. 6 அடி 4 அங்குல உயரம், 244 பவுண்டு எடை உள்ள ரிச்சர்ட்சன் அங்கே 40 கெஜத்தை 4.43 நொடியில் ஓடினார். நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எம்பினார், அது குவாட்டர்பேக்குகளில் சாதனை. டிவியில் பார்த்துவிட்டு சோபாவிலிருந்து நானும் எம்பினேன். ஆனால் எம்பிக் குதிப்பதால் பந்து நேராகப் போகாது. இந்த எண்கள் ஒருவனுடைய கூரை எவ்வளவு உயரம் என்று சொல்லும். வீட்டுக்குள் படிக்கட்டு இருக்கிறதா என்று சொல்லாது.

உண்மையான வேலை வீடியோவில்தான். மூன்று ஆட்டங்கள் பாருங்கள்: அவன் நன்றாக ஆடியது, கேவலமாக ஆடியது, கடைசியாக ஆடியது. பந்து கையை விட்டுக் கிளம்பும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். முடிவைப் பார்த்துவிட்டால் நம் கண் பொய் சொல்லத் தொடங்கும். நிறுத்திய படத்தில் கால்களைப் பாருங்கள். முன்கால் இலக்கை நோக்கி இருக்கிறதா, எடை பின்காலில் தங்கிவிட்டதா? பந்து தலைக்கு மேலே பறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கை அல்ல, கால். காலைத் திருத்தலாம், கோச் வேலையே அதுதான். அப்புறம் 60 கெஜம் எறியும் பந்துகளை விட்டுவிட்டு 5, 8 கெஜப் பந்துகளை மட்டும் எண்ணுங்கள். நீண்ட எறிதல் கல்யாணச் சாப்பாடு மாதிரி, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். குட்டி எறிதல் தினசரிச் சோறு. ரிச்சர்ட்சன் தவறவிட்டவற்றில் அந்தத் தினசரிச் சோறு நிறைய இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘அதெல்லாம் சரியாயிடும்’ என்றேன்.

2022-இல் அவர் எறிந்ததில் 53.8 சதவீதம்தான் சக ஆட்டக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2019-இல் இன்னொரு கல்லூரிக் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ, லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 76.3 சதவீதம். ஆனால் சதவீதத்தை அப்படியே எடுத்து எதிராளி தலையில் போடக் கூடாது. பிடிக்க வேண்டியவன் கைநழுவ விட்டது எத்தனை, நெருக்கடியில் வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே எறிந்தது எத்தனை என்று பிரிக்க வேண்டும். பிரித்த பிறகும் எண் தாழ்வாகவே நின்றால் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ‘ஜாஷ் ஆலன்’ என்பார். கட்டாயம் சொல்வார். எங்கள் அறையில் அது நான். வயோமிங் பல்கலைக்கழகத்தில் 2017-இல் 56.3 சதவீதம். 2018-இல் பஃபலோ பில்ஸ் 7-ஆவது ஆளாக எடுத்தது. முதல் வருடம் 52.8, அடுத்தது 58.8, 2020-இல் 69.2. பின்னாளில் 2024 சீசனின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதும் வாங்கினார். இது நடந்த கதை, மறுக்க முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம்: ஆலன் பெயரைச் சொல்கிறவர், அதே மூச்சில் தேறாமல் போன இருவரின் பெயரையும் சொல்ல வேண்டும். மாப்ள முதலில் எடுப்பது டிரே லான்ஸ். நார்த் டகோட்டா ஸ்டேட்டில் 17 ஆட்டம் தொடங்கியவர். கொரோனா வந்த 2020-இல் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 2021 டிராஃப்டில், இன்னொரு அணியின் மூன்றாம் இடத்தை மாற்றி வாங்கி அவரை எடுக்க 49-அர்ஸ் அணி கொடுத்தது மூன்று முதல் சுற்று வாய்ப்பும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பும். 2022-இல் இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் உடைந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லாஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அணியைக் கரையேற்றியது 2022 டிராஃப்டில் 262-ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி.

ஆக, ‘எடுக்கலாமா’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘என்ன விலைக்கு’ என்று சேர்த்தே கேளுங்கள். கோல்ட்ஸ் எதையும் கூடுதலாகக் கொடுக்கவில்லை, 4-ஆம் இடத்திலேயே உட்கார்ந்து எடுத்தது. என் பக்கத்தில் இருந்த நல்ல வாதம் அது ஒன்றுதான்.

அப்புறம் வைக்கோல். பையனைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள், அவன் போய்ச் சேரும் வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேசுவதில்லை. கான்சஸ் சிட்டி குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஓர் ஆட்டம் தொடங்கினார். அடுத்த வருடம் 50 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது), எம்.வி.பி. ஜோர்டன் லவ் கிரீன் பேயில் மூன்று வருடம் ஆரன் ராஜர்ஸுக்குப் பின்னால் காத்திருந்தார். அதற்காக உட்கார வைத்தாலே பழுத்துவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். ஆலன் முதல் வருடமே ஆடினார். ஆனால் முதல் நான்கு வருடமும் அவருக்கு ஒரே ஆஃபென்ஸ் (பந்தோடு தாக்கி ஆடும் பிரிவு) கோச், பிரையன் டேபால். 2020-இல் பந்து பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால் கேளுங்கள்: கோச் நிலைப்பாரா? பந்தைப் பிடிக்க ஆள் இருக்கிறதா? இவன் தேறும் வரை தோல்வியைத் தாங்கும் பொறுமை முதலாளிக்கு உண்டா?

ஒப்பந்தக் கணக்கையும் மறக்கக் கூடாது. முதல் சுற்றில் எடுத்தவனுக்கு நான்கு வருட ஒப்பந்தம். ஐந்தாவது வருடம் வேண்டுமா என்று மூன்றாவது சீசன் முடிந்ததுமே அணி முடிவு செய்தாக வேண்டும். மூன்று வருடம் பரணில் வைத்தால், ருசி பார்க்காமலே விலை பேச வேண்டிவரும்.

ரிச்சர்ட்சன் கதை எப்படிப் போனது என்றால், முதல் சீசனில் 4 ஆட்டம். 2024-இல் 47.7 சதவீதம். அந்த வருடம் ஹூஸ்டனுடன் ஆடும்போது களைத்துப்போய் ஒரே ஒரு பந்துக்கு மட்டும் தானே வெளியே வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் இடம் ஜோ ஃபிளாக்கோவுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் முதல் இடத்தை டேனியல் ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள். அன்று மாலைதான் மாப்ள போன் செய்து, ‘மாமா, பாசுமதியா, சீரகச் சம்பாவா?’ என்றான்.

இன்னொன்று. டிராஃப்ட் அன்று இரவு நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது என் மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்: ‘ஓடி ஓடி முட்டுறதுதான் இவன் பலம்னா, உடம்பு எத்தனை நாள் தாங்கும்?’ நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. முதல் சீசனின் இரண்டாவது வாரம் ஓடி டச்டவுன் போடும்போது தலையில் அடி. ஐந்தாவது வாரம் ஓடும்போது தோள்பட்டை போய், அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது.

இப்போது ஒவ்வொரு ஏப்ரலும் காலண்டர் தாளில் முதல் வரியை அவள்தான் எழுதுகிறாள். அதற்குப் பதில் எழுதிய பிறகுதான் பேனா எங்கள் கைக்கு வரும்.