குவெர்சிட்டின் ஸ்டாக் கரைசல்: முதல்முறை தயாரிப்பவர்களுக்கு

பல்லடம், தாராபுரம் பக்கம் விளையும் சின்ன வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலில் நிறைய இருக்கும் பிளேவனாய்டுதான் (தாவரங்களில் இருக்கும் ஒரு வகைச் சேர்மம்) குவெர்சிட்டின். கோவை, ஈரோடு பக்கம் மூலிகைச் சாறு எடுத்து புராஜெக்ட் செய்பவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க இது தூய பொடியாகத் தேவைப்படும். அதில் 10 மில்லிமோலார் செறிவுள்ள ஸ்டாக் (தேவைப்படும்போது நீர்த்துப் பயன்படுத்தும் செறிந்த கரைசல்) போடுவதைப் பார்ப்போம்.

படி 1: லேபிளைப் படியுங்கள். அதுவரை தராசுப் பக்கமே போக வேண்டாம். நீரற்ற குவெர்சிட்டினின் மூலக்கூறு எடை 302.24. டைஹைட்ரேட் (ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்தது) என்றால் 338.27. இரண்டும் மஞ்சள் பொடிதான், பார்த்துப் பிரித்தறிய முடியாது. 5 மி.கி. டைஹைட்ரேட்டுக்கு 1.48 மி.லி. திரவம் போதும். 302-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1.65 மி.லி. ஊற்றுவீர்கள், ஸ்டாக்கின் செறிவு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அப்புறம் வரும் எல்லா முடிவுகளிலும் அந்தப் பிழை ஒட்டிக்கொண்டே வரும்.

படி 2: மூடி போட்ட சிறு குழாயைத் தராசில் வைத்து, பொடியை நேராக அதற்குள்ளேயே எடை போடுங்கள். சரியாக 5.0 வரவில்லையா, பரவாயில்லை. 5.3 வந்தால் திரவத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள். பொடியைச் சுரண்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

படி 3: டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான்) ஊற்றி, தெளிந்த மஞ்சளாகும்வரை வோர்டெக்ஸில் (குழாயை வேகமாக அதிரவைக்கும் கருவி) கலக்குங்கள். தண்ணீர் உதவாது, அதில் இது கரையவே கரையாது எனலாம். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஏசி அறையில் கட்டியாகியிருந்தால் பயப்படாமல் கையில் பிடித்துச் சூடேற்றுங்கள். கையுறை கட்டாயம். கரைந்திருக்கும் பொருளையும் சேர்த்துத் தோலுக்குள் கொண்டுபோகும் திரவம் அது.

படி 4: சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, தேதி எழுதி, மைனஸ் 20-இல் வையுங்கள்.

படி 5: 1 மி.லி. மீடியத்துக்கு (செல் வளர்க்கும் திரவம்) 1 மைக்ரோலிட்டர் ஸ்டாக் விட்டால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட கன்ட்ரோலும் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) வேண்டும். மீடியத்தில் குவெர்சிட்டின் சீக்கிரமே ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும், அதனால் முந்தின நாளே கலந்து வைக்காதீர்கள்.

எம்டிடி சோதனை (உயிருள்ள செல்கள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) செய்பவர்களுக்கு இன்னொன்று: செல்லே இல்லாவிட்டாலும் குவெர்சிட்டின் எம்டிடியை ஊதாவாக்கும். சோதனைத் தட்டில் செல் இல்லாத குழிகள் சிலவற்றிலும் குவெர்சிட்டினையும் எம்டிடியையும் விட்டு, அந்த அளவீட்டைக் கழித்த பிறகே செல்கள் பிழைத்தனவா என்று கணக்கிடுங்கள்.