ஃபங்ஷனல் எம்ஆர்ஐக்குப் போகிறீர்களா? ஒரு வேலையைச் செய்யும்போது மூளையின் எந்த இடம் இயங்குகிறது என்று படத்தில் ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன் இது.

மூளையின் மேலடுக்கான புறணி பிறவியிலேயே சரியாக அமையாமல் வலிப்பு வருபவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் இந்த ஸ்கேனைக் கேட்பார்கள், ஏனென்றால் ஒழுங்கற்றுத் தெரியும் அந்த இடமே கையை அசைக்கவோ பேசவோ உதவிக்கொண்டிருக்கலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசி வலிப்பு எப்போது வந்தது, உடலில் பேஸ்மேக்கர், அறுவை சிகிச்சையில் வைத்த உலோகக் கிளிப், விஎன்எஸ் கருவி (வலிப்பைக் குறைக்கக் கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி) ஏதாவது இருக்கிறதா, எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே விரலைத் தட்டச் சொல்வார்கள், வாய் திறக்காமல் மனதுக்குள் சொற்களை யோசிக்கச் சொல்வார்கள். தலை ஆடினால் படம் வீண், அதனால் வீட்டிலேயே அசையாமல் படுத்துப் பழகுங்கள், குழந்தை என்றால் கட்டாயம். மொழிச் சோதனையை உங்களுக்கு நன்றாக வரும் மொழியிலேயே கேளுங்கள். அப்புறம், படத்தில் ஒளிராத இடம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் மூளையில் மின்முனை வைத்து நேரடியாகத் தூண்டிப் பார்ப்பார்கள்.