டிப்ஸ் பணம் பரிமாறியவர் கைக்கே போய்ச் சேரக் கவனிக்க வேண்டியவை

உணவகத்தில் பில் வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாமல், அதில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஏதேனும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் வரி. சேவைக் கட்டணமோ முதலாளியின் கல்லாவுக்குப் போகிறது. அதிலிருந்து சர்வருக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பில்லை வைத்து அறிய வழியில்லை.

இக்கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, தர மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறைகளை வெளியிட்டது. அவை செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. எனவே அதை நீக்கித் தருமாறு கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் சர்வரிடம் கேட்காதீர்கள்; பில்லைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, திட்டு மட்டும் அவருக்கு விழும். மேலாளரிடமே பேசுங்கள். அவரும் மறுத்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

கட்டணத்தை நீக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மனநிறைவோடு சாப்பிட்டிருந்தால், இயன்றதைப் பணமாகப் பரிமாறியவர் கையில் கொடுங்கள். கல்லாவில் இருக்கும் க்யூ.ஆர். அட்டையில் கூடுதலாகச் செலுத்தும் தொகை பொதுவாகக் கடையின் வங்கிக் கணக்குக்கே போகும் என்பதால், சில்லறை நோட்டுகள் வைத்திருப்பது நல்லது. இவ்வளவுதான் தர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் இல்லை. மேசை துடைப்பவரையும் நினைவில் வையுங்கள். சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவரை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை.

அதனாலேயே பல இடங்களில் டிப்ஸைப் பொதுவில் சேர்த்துப் பிரிக்கிறார்கள். உணவகம் நடத்துவோர் இம்முறையைப் பின்பற்றினால், அன்றைய வசூலை அனைவரும் பார்க்கும்படி எழுதி, யார் யாருக்கு என்ன பங்கு என்பதை முன்கூட்டியே பேசி முடித்து, முதலாளியும் மேலாளரும் அதில் பங்கு எடுக்காமல் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்பளம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், டிப்ஸ் கிடைக்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுத்து, குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரின் மீதியை டிப்ஸால் ஈடுகட்ட இன்றும் இடம் தருகிறது. இந்தியாவில் அப்படியொரு சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் உணவகத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அதனுடன் சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். டிப்ஸ் கிடைக்கிறதே என்று சொல்லி அந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும்.

குறைவாகப் பெறும் ஊழியர், வேலைக்கு வந்த நாள், நேரம், வாங்கிய தொகை ஆகியவற்றைத் தம் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும்; மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது, சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அந்தக் குறிப்பு பேருதவியாக இருக்கும்.